மினி டிராக்டரின் சக்கரத்தை வெளியே தள்ளிப் போடலாமா? முதலில் டேப்பை எடுங்கள்!

மக்காச்சோளத்தில் இடை உழவு செய்ய மினி டிராக்டரை இறக்குகிறோம். இடது சக்கரம் இரண்டு வரிசைக்கு நடுவே ஒழுங்காகப் போகிறது. வலது சக்கரமோ பயிர் மேலேயே ஏறிப் போகிறது. இடது பக்கம் கொஞ்சம் ஒடித்தால், அங்கேயும் பயிர் மிதிபடுகிறது. அப்போது, 'சக்கரத்தை வெளியே தள்ளிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். அடுத்த வாரமே லேத் பட்டறையில் இரும்பு வளையம் கடைந்து, ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிவிடுவார்கள்.

சக்கரத்தை அகலப்படுத்துவது தவறான வேலை அல்ல. டிராக்டர் கம்பெனிகளே அதற்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எந்த முறையில் என்று கணக்குப் பார்க்காமல் செய்தால் பயிரும் மிதிபடும், பேரிங்கும் போகும். சரிவில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். குறிப்பாக நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கான விவரங்களை இங்கே பார்ப்போம்.

தட அகலம் என்பது எது?

ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களின் நடுக்கோட்டுக்கு இடையே உள்ள தூரம்தான் தட அகலம். வீல் டிராக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஒரு டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை அளந்தால் கிடைப்பது மொத்த அகலம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரிசைக் கணக்குக்கு தட அகலம் வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவே வண்டி நுழையுமா என்று பார்க்க மொத்த அகலம் வேண்டும்.

அளப்பது எளிது. சமமான தரையில் வண்டியை நேராக நிறுத்துங்கள். ஒரு டயரின் உள் விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை டேப் பிடித்தால் தட அகலம் கிடைத்துவிடும். இரண்டும் ஒரே அளவு டயராக இருப்பதால் நடுக்கோட்டைத் தேட வேண்டியதில்லை. பின் சக்கரம், முன் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயரின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். டயரில் 8.3-20 என்று எழுதியிருந்தால், அகலம் சுமார் 8.3 அங்குலம், அதாவது 21 செ.மீ. என்று பொருள். 20 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில்.

வரிசைக்கும் தடத்துக்கும் உள்ள கணக்கு

சக்கரம் இரண்டும் வரிசைகளின் நடுவே ஓட வேண்டுமானால், தட அகலம் வரிசை இடைவெளிக்குச் சமமாகவோ, அதன் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு வந்தால் ஒரு சக்கரம் நடுவிலும் மறு சக்கரம் பயிர் மேலும் ஓடும்.

மக்காச்சோளத்துக்கு 60 செ.மீ. வரிசை இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் டிராக்டரின் தட அகலம் 90 செ.மீ. என்றால் அது 60-க்கு ஒன்றரை மடங்கு. முதலில் சொன்ன பிரச்சினை வருவது இதனால்தான். சரியாக ஓட வேண்டுமானால் தடம் 120 செ.மீ. வேண்டும். பல மினி டிராக்டர்களில் கம்பெனி அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் அவ்வளவு தூரம் போகாது. அங்கேதான் வளையம் கடையும் யோசனை வருகிறது.

ஆனால் இதை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். வண்டியை மாற்ற முடியாவிட்டாலும் விதைப்பை மாற்றலாம். 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, அடுத்து 60 செ.மீ. காலி இடம், மறுபடியும் 30 செ.மீ.-ல் இரண்டு வரிசை என்று இணை வரிசையாக விதைத்தால், ஒரு காலி இடத்தின் நடுவிலிருந்து அடுத்த காலி இடத்தின் நடு வரை சரியாக 90 செ.மீ. வரும். தடம் 90 செ.மீ. உள்ள டிராக்டர் இரண்டு வரிசையைத் தன் வயிற்றுக்கு அடியில் விட்டுவிட்டு சிரமம் இல்லாமல் ஓடும். செடிக்குச் செடி இடைவெளியை 25 செ.மீ.-லிருந்து 33 செ.மீ. ஆக்கினால் ஏக்கருக்கு நிற்கும் செடிகளின் எண்ணிக்கையும் குறையாது. உங்கள் ரகத்துக்கும் மண்ணுக்கும் இது ஒத்துவருமா என்று மட்டும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தியை 90 செ.மீ. இடைவெளியில் போட்டவர்களுக்கு 90 செ.மீ. தடம் அப்படியே பொருந்தும். ஒரு வரிசை வண்டிக்கு அடியில் போகும். 45 செ.மீ. வரிசைப் பயிராக இருந்தால் அதே 90 செ.மீ. தடம் இரண்டு வரிசையைத் தாண்டி ஓடும். 75 செ.மீ. வரிசைக்கு 75 செ.மீ. தடம் வேண்டும், அங்கே 90 செ.மீ. தடம் இருந்தால் சக்கரங்கள் ஆளுக்கு 7.5 செ.மீ. வெளியே தள்ளிப் போகும்.

அது பெரிய விஷயமா? டயருக்கும் செடிக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 75 செ.மீ. இடைவெளியில் 21 செ.மீ. டயர் நடுவே ஓடினால் இரண்டு பக்கமும் 27 செ.மீ. கிடைக்கும். 7.5 செ.மீ. தள்ளினால் ஒரு பக்கம் 19.5 செ.மீ. மிஞ்சும். ஓட்டுநர் கை நிதானமாக இருந்தால் சமாளிக்கலாம். இதற்காக சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதே 7.5 செ.மீ. வித்தியாசம் 45 செ.மீ. வரிசையில் வந்தால் மிச்சம் 12 செ.மீ.-லிருந்து 4.5 செ.மீ.-க்கு இறங்கிவிடும்; வேர் நசுங்கும், செடி ஒடியும்.

இன்னொரு அளவையும் மறக்கக் கூடாது. பயிரை வயிற்றுக்கு அடியில் விட்டு ஓட்டும்போது, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள உயரம்தான் எல்லை. செடி அதைத் தாண்டி வளர்ந்துவிட்டால் சக்கரத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயன் இல்லை, குருத்து முறியும். அதற்குப் பிறகு வரிசைகளுக்கு நடுவே முழு வண்டியும் நுழைய இடம் இருந்தால் மட்டுமே டிராக்டர். இல்லாவிட்டால் பவர் வீடர்தான்.

அகலப்படுத்தினால் நஷ்டமாகும் இடம்

கரும்பைப் பாருங்கள். நீடித்த நவீன கரும்பு சாகுபடியில் பாருக்குப் பார் 5 அடி, அதாவது 150 செ.மீ. இடைவெளி விடுகிறோம். இங்கே மினி டிராக்டர் முழுதாக இரண்டு பாருக்கு நடுவே நுழைகிறது. தடம் 80 செ.மீ., டயர் 21 செ.மீ. என்றால் மொத்த அகலம் 101 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் 24.5 செ.மீ. இடம் மிஞ்சும். தடத்தை 100 செ.மீ. ஆக்கினால் மொத்தம் 121 செ.மீ.; பக்கத்துக்கு 14.5 செ.மீ.தான் மிஞ்சும். தூர் பிடித்துக் கரும்பு பக்கவாட்டில் விரிந்துவிட்டால் அந்த இடமும் இருக்காது. ஆகவே அகலப் பார் கரும்பில் குறுகலான தடம்தான் லாபம்.

வாழையிலும் இதே கதைதான். 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் நட்ட தோட்டத்தில் வண்டி மரத்துக்கு நடுவேதான் போக வேண்டும். வேர்கள் மேலாகவே பரவியிருக்கும். சக்கரம் மரத்தை நெருங்க நெருங்க வேர்ப் பகுதி இறுகிப்போகும்.

ஒரே டிராக்டரை வைத்துக் கரும்பு, மக்காச்சோளம், வாழை என்று எல்லாவற்றுக்கும் ஓட்டுபவர்கள், நிரந்தரமாக அகலப்படுத்துவதைவிட, பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்ளும் வகையில் வைத்துக்கொள்வதே நல்லது.

சரிவில் கவிழாமல் இருக்க அகலம் உதவுமா?

உதவும். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அல்ல.

வண்டியின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அதை எடை மையம் என்பார்கள். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே விழும் கோடு சக்கரத்துக்கு வெளியே போய்விட்டால் வண்டி கவிழும். சக்கரங்கள் விலகியிருந்தால் அந்தக் கோடு வெளியே போக அதிகச் சாய்வு தேவை. எடை மையம் உயர்ந்தால் குறைந்த சாய்விலேயே கவிழும்.

உதாரணக் கணக்காக, எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தடம் 80 செ.மீ. என்றால் ஏறக்குறைய 34 டிகிரி சாய்வில் வண்டி கவிழும் எல்லைக்கு வந்துவிடும். தடத்தை 100 செ.மீ. ஆக்கினால் எல்லை 40 டிகிரி ஆகும். ஆறு டிகிரி லாபம். ஆனால் பின்னால் உயரமான மருந்துத் தொட்டியை ஏற்றி எடை மையம் 70 செ.மீ.-க்கு உயர்ந்துவிட்டால் எல்லை மறுபடியும் 35 டிகிரிக்கு இறங்கிவிடும். சக்கரத்தைத் தள்ளிப் போட்டுச் சம்பாதித்ததைத் தொட்டியின் உயரம் தின்றுவிடும்.

34 டிகிரி என்பது பெரிய சரிவுதானே, நம் நிலம் அப்படி இல்லையே என்று தோன்றலாம். வரப்பு ஏறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தடம் 80 செ.மீ. உள்ள வண்டியின் ஒரு சக்கரம் 20 செ.மீ. உயர வரப்பில் ஏறினால் வண்டி 14 டிகிரிக்கு மேல் சாயும். அதே நேரத்தில் மறு சக்கரம் 20 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் சாய்வு 30 டிகிரி. எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டோம். தடம் 100 செ.மீ. என்றால் அதே இடத்தில் சாய்வு 24 டிகிரிக்குள் நிற்கும். சமவெளி நிலத்திலும் மினி டிராக்டர் வரப்பில் கவிழ்வதன் காரணம் இதுதான். வேகமும் திருப்பமும் சேர்ந்தால் இந்த எல்லைக்கு வெகு முன்பே கவிழும்.

இன்னொரு உண்மையும் உண்டு. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது இரண்டு பக்கமும் ஆடும். ஃபோர் வீல் டிரைவிலும் அப்படித்தான். ஆகவே பக்கவாட்டில் சாயும்போது டிராக்டர் நான்கு காலில் நிற்பதில்லை. பின் சக்கரம் இரண்டு, முன் அச்சின் நடுப் பின் ஒன்று என்று மூன்று காலில் நிற்கிறது. அதனால்தான் உண்மையான கவிழும் எல்லை மேலே சொன்ன கணக்கைவிடக் குறைவு. அதனால்தான் முன் சக்கரத்தை மட்டும் அகலப்படுத்துவது கவிழ்வதைத் தடுக்காது. பின் சக்கரத்தின் அகலமே கணக்கில் வரும்.

எடையைக் கீழே கொண்டுவருவதும் அகலத்துக்கு நிகரான வழி. கையேட்டில் அனுமதித்திருந்தால் பின் டயரில் தண்ணீர் நிரப்பலாம், இரும்பு எடைத் தட்டு மாட்டலாம். தொட்டியையும் கருவியையும் முடிந்தவரை தாழ்வாகப் பிடித்து ஓட்டலாம். பின்பக்கமாக மல்லாந்து விழும் விபத்தை எந்த அகலமும் தடுக்காது. ரோல் பார் என்கிற பாதுகாப்பு வளைவு இருந்தால் அதை மடக்காமல் நிறுத்தி, சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

கம்பெனி வைத்திருக்கும் வழி

வரிசைப் பயிருக்கு ஏற்ப சக்கரத்தை மாற்றுவது புது யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1946-ல் தயாரிப்புக்கு வந்த ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில், 48 அங்குலத்தில் தொடங்கி நான்கு நான்கு அங்குலமாக 6 அடிக்கும் மேல் தடத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. முன் அச்சையும் துளை மாற்றி போல்ட்டு போட்டு நீட்டிக்கொள்ளலாம். அந்த வழியில் வந்த மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களைத்தான் 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் நம் ஊருக்குக் கொண்டுவந்தது. இன்றும் டூ வீல் டிரைவ் டிராக்டர்கள் பலவற்றில் முன் அச்சு இப்படித் துளை மாற்றி நீட்டும் வகையில்தான் இருக்கும்.

பின் சக்கரத்தில் வழி வேறு. பல டிராக்டர்களில் பின் சக்கரம் இரண்டு பாகமாக இருக்கும். ஹப்பில் மாட்டும் தட்டு ஒன்று, டயர் உட்காரும் ரிம் ஒன்று. தட்டு குழிந்திருக்கும். ரிம்மின் உள்பக்கம் காதுகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். தட்டின் குழிவை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா, காதின் எந்தப் பக்கம் தட்டை மாட்டுவது, ரிம்மை எந்தப் பக்கம் திருப்புவது என்று மாற்றி மாற்றிப் போட்டால் பல அகலங்கள் கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. எந்த நிலைக்கு எத்தனை செ.மீ. என்று கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

தட்டும் ரிம்மும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே பாகச் சக்கரம் என்றால், முழுச் சக்கரத்தையும் திருப்பிப் போடுவது மட்டுமே வழி. அதையும் கையேடு அனுமதித்தால்தான் செய்ய வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து டயரின் நடுக்கோடு 3 செ.மீ. உள்ளே இருந்தால், திருப்பிப் போட்டதும் அது 3 செ.மீ. வெளியே வரும். ஒரு பக்கத்துக்கு 6 செ.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 12 செ.மீ. தடம் கூடும்.

சக்கரத்தைத் திருப்பினால் டயர் பட்டையின் திசையும் தலைகீழாகும். ஆகவே திருப்பிய சக்கரத்தை எதிர்ப்பக்கத்தில் மாட்ட வேண்டும்: இடதை வலதிலும், வலதை இடதிலும். டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, வண்டி முன்னே போகும்போது சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேற்றில் டயர் மண்ணை உதறாது, வண்டி வழுக்கும்.

ஃபோர் வீல் டிரைவில் முன் சக்கரம்

இங்கேதான் வித்தியாசம். டூ வீல் டிரைவில் முன் அச்சு வெறும் தாங்கி. அதை நீட்டலாம், குறுக்கலாம். ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சுக்குள் பல்சக்கரமும் சுழலும் தண்டும் ஓடுகின்றன. அதைத் துளை மாற்றி நீட்ட முடியாது. ரிம்மையோ தட்டையோ மாற்றிப் போடுவது மட்டுமே வழி. சில மாடல்களில் அதற்கும் அனுமதி இல்லை.

முன் சக்கரத்தை வெளியே தள்ளினால், சக்கரம் திரும்பும் மூட்டுக்கும் டயருக்கும் உள்ள தூரம் கூடும். ஸ்டியரிங் கனக்கும். கல்லில் மோதினால் கை உதறும். அந்த மூட்டின் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் தேயும்.

முன் தடமும் பின் தடமும் முடிந்தவரை ஒன்றாக இருப்பது நல்லது. முன் டயர் போன வழியிலேயே பின் டயர் போனால் பயிர் மிதிபடுவது குறையும், மண் இறுகுவதும் ஒரே தடத்தோடு நிற்கும். பின் சக்கரத்தை மட்டும் அகலப்படுத்தினால், கொத்துகள் முன் டயர் தடத்தையும் கிளறிவிடும்படி கருவியை அமைத்துக்கொள்ளுங்கள்.

தடத்தை மாற்றும் சாக்கில் டயர் அளவை மாற்றிவிடாதீர்கள். ஃபோர் வீல் டிரைவில் முன் டயரும் பின் டயரும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுழலும்படி கியர் அமைந்திருக்கும். ஒரு ஜோடியை மட்டும் பெரிதாக்கினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். டயர் தேயும், டீசல் கூடும், கியர் கெடும். வெறும் அகலம் மாறினால் இந்த விகிதம் மாறாது.

லேத் பட்டறை வளையம் ஏன் வேண்டாம்?

பின் சக்கரம் ஒன்றின் மேல் 300 கிலோ எடை இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதை 10 செ.மீ. வெளியே தள்ளினால் அச்சின் முனையில் கூடுதலாக 30 கிலோ-மீட்டர் வளைவு விசை விழும். ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையை அச்சில் செருகி, அதன் முனையில் 30 கிலோ மூட்டையை எந்நேரமும் தொங்கவிட்டதற்குச் சமம். வரப்பில் வண்டி குதிக்கும்போது அது இன்னும் பல மடங்காகும். பாரம் சக்கரத்துக்குச் சக்கரம் அப்படியேதான் இருக்கும், பேரிங் வாங்கும் அடிதான் கூடும்.

கம்பெனி அனுமதித்த அகலத்துக்குள் இருக்கும்வரை அச்சும் பேரிங்கும் அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டி வளையம் போட்டால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. வளையத்தின் முகம் ஒரு நூல் கோணினாலும் சக்கரம் தள்ளாடும், நட்டு தானாகத் தளரும். நீளமான போல்ட்டுக்காகக் கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் அது கம்பெனி போல்ட்டின் உறுதியோடு இருக்காது. ரிம்மில் துண்டு வைத்துப் பற்றவைப்பது இன்னும் மோசம்; பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். வாரண்டி காலத்தில் இருந்தால் அதுவும் போய்விடும்.

அகலப்படுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு மாருதி ஜிப்சி நல்ல உதாரணம். 1985-ல் வந்த அந்தச் சிறிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் தடம் குறுகல். 1993-ல் கம்பெனி அதை அகலத் தட வண்டியாக மாற்றியது. முன்னும் பின்னும் 90 மி.மீ. கூட்டி, முன் தடம் 1,300 மி.மீ., பின் தடம் 1,310 மி.மீ. ஆனது. பக்கத்துக்குக் கூடியது 45 மி.மீ.தான், நாலு விரல் அகலம்கூட இல்லை. அதற்கே புதிய மாடல் போட்டு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவையும் அகலமாக்கித் தொழிற்சாலையிலிருந்து வெளியே விட்டார்கள்.

சென்னை அசோக் நகர் மாதிரி இடங்களில் குடியிருந்துகொண்டு, வாரக் கடைசியில் ஊர் நிலத்துக்கு ஜீப்பில் போய் வருபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டிராக்டரில் கையேட்டுக்குள் அகலம் மாற்றுவது அந்த வண்டிக்கே உரிய வசதி. ஜீப்பில் வளையம் போட்டு அகலப்படுத்துவது அப்படி அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும்.

மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

• சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள்.

• சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்று தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியால் தூக்குங்கள்.

• ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டோ, கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், திடீரென்று நொறுங்கும்.

• முன் அச்சு நடுவில் ஆடும் என்பதால், முன்பக்கம் தூக்கும்போது அச்சுக்கும் பாடிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கட்டை செருகுங்கள்.

• டயரில் தண்ணீர் இருந்தால் சக்கரம் பல மடங்கு கனக்கும். தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

• தட்டு, ரிம், ஹப் முகங்களில் உள்ள துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். முகம் சுத்தமாக ஒட்டாவிட்டால் நட்டு தளரும். மரை தேய்ந்த நட்டையும் போல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

• நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். குழாய் செருகித் தொங்கி இறுக்கினால் மரை இழுத்துக்கொள்ளும்.

• இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே வந்திருக்கிறதா என்று பாடியின் நடுவிலிருந்து அளந்து பாருங்கள்.

• ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். ஒரு முன் சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றியும் பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது.

• ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள். அடுத்த சில நாட்களும் காலையில் ஒரு முறை பாருங்கள்.

மாற்றிய பிறகு கருவியையும் பாருங்கள்

தடம் 90 செ.மீ., டயர் 21 செ.மீ. என்றால் டயரின் வெளி விளிம்பு வரை 111 செ.மீ. ரோட்டவேட்டர் 100 செ.மீ. அகலம் என்றால் இரண்டு பக்கமும் ஐந்து செ.மீ.-க்கு மேல் டயர் தடம் கிளறப்படாமல் இறுகிக் கிடக்கும். தடத்தை அகலப்படுத்த அகலப்படுத்த இது கூடும். ஆகவே முழு உழவுக்குக் குறுகிய தடம், இடை உழவுக்கு அகலத் தடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கொத்துக் கலப்பையில், சக்கரம் ஓடும் கோட்டிலும் ஒரு கொத்து வரும்படி நகர்த்தி மாட்டுங்கள். சேற்று உழவுக்குக் கேஜ் வீல் போடுபவர்கள், அகலப்படுத்திய சக்கரத்துக்கு வெளியே கேஜ் வீலையும் மாட்டக் கூடாது. அச்சின் மேல் விழும் வளைவு விசை மேலும் கூடும். முதலில் சக்கரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

வாய்க்கால் பாலம், வரப்பு வழி, வேலிப் படல் எல்லாவற்றையும் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். நேற்று வரை நுழைந்த பாதையில் இன்று ஒரு சக்கரம் விளிம்பில் தொங்கக் கூடும். ஓட்டுநர் பழக்கத்தில் ஓட்டுவார். அவருக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

வாங்கும் முன்பே பாருங்கள்

புதிதாக மினி டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு வேலை எளிது. உங்கள் நிலத்தில் எந்தப் பயிர் அதிகம், அதன் வரிசை இடைவெளி என்ன என்று எழுதிக்கொண்டு டீலரிடம் போங்கள். பின் தடம் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, முன் தடத்தை மாற்ற முடியுமா, தரையிலிருந்து உயரம் எவ்வளவு என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அதில் தட அகலமும் எடை மையம் இருக்கும் இடமும் அளந்து எழுதப்பட்டிருக்கும். அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லலாம்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள், அடுத்த விதைப்புக்கு முன் தடத்தை அளந்து, அதற்கு ஏற்ப வரிசை போடப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கையேட்டில் உள்ள நிலைகளில் ஒன்றுக்குச் சக்கரத்தை மாற்றுங்கள். அதற்கும் அடங்காத பயிர் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் பொருத்தமான கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். சில மணி நேர வாடகை கொடுப்பது, அச்சு முறிந்து நடு வயலில் வண்டி நிற்பதைவிட எவ்வளவோ மேல்.